வாத்தியார் கைக்கு வந்த வைத்தியம்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அன்று பள்ளிக்கூடம் இல்லை. காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடத் தொடங்கியபோது பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் பெரிய நிக்கோபாரிலும் வீடு என்றால் பெரும்பாலும் கடற்கரைதான். ஊர், தேவாலயம், தென்னந்தோப்பு, பன்றிப்பட்டி எல்லாமே கரையை ஒட்டித்தான் இருந்தன. ஆட்டம் ஓய்ந்து மக்கள் மூச்சுவிடுவதற்குள் கடல் ஏறி வந்தது.

இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 3,500 பேர் என்பது தீவு நிர்வாகத்தின் கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி நிக்கோபார் மாவட்டத்தில். அந்த மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2001 கணக்கெடுப்பில் 42,000 தான். கச்சாலில் போனவர்களிடையே தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்ட வேலைக்காக அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். ஒரு முறை வேர் பிடுங்கப்பட்டவர்களுக்கு இது இரண்டாம் முறை.

பிழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலிலும் விமானத்திலும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். (அந்த ஊர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்.) நிவாரண முகாம்களாக மாறிய கட்டடங்களில் பல, பள்ளிக்கூடங்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துக் குடும்பங்கள் படுத்தன. பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள், ஆனால் அது பள்ளியாக இல்லை.

இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

கைகால் முறிந்தால் எலும்பு மருத்துவர் உண்டு, காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. இரவில் அலறி எழும் பிள்ளைக்கு, தண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஓடும் பிள்ளைக்கு, பேச்சே நின்றுபோன பிள்ளைக்கு? அன்றைய இந்தியாவில் ஐந்து லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற விகிதம் இருந்தது. அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகை மூன்றரை லட்சம்; தேசியச் சராசரிப்படி பங்கு பிரித்தால் முழுசாக ஒருவர்கூடத் தேறமாட்டார். அப்படியே ஆள் கிடைத்தாலும் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கார் நிக்கோபார் இன்னும் 270 கிலோமீட்டர், பெரிய நிக்கோபார் அதற்கும் அப்பால் தெற்கே. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி நிக்கோபாருக்குள் வெளியார் நினைத்தபடி கால்வைக்க முடியாது, அனுமதிச் சீட்டு வேண்டும். மொழி வேறு. தீவுப் பள்ளிகளில் இந்தியும் ஆங்கிலமும் வங்காளமும் தமிழும் தெலுங்கும் ஓடும். நிக்கோபாரிக் குழந்தை கனவு காண்பதோ நிக்கோபாரி மொழியில்.

ஆனால் ஒவ்வொரு தீவிலும் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அரசுச் சம்பளத்தில், அனுமதிச் சீட்டோடு, பிள்ளைகளின் பெயரும் குடும்பமும் தெரிந்த ஒருவர். வாத்தியார்.

பேரிடருக்குப் பின் மாணவர்களின் மன அழுத்தத்தைப் பள்ளியிலேயே, ஆசிரியர் வழியாகவே கையாள வேண்டும் என்று இன்று அரசு ஆவணங்கள் சர்வசாதாரணமாகச் சொல்கின்றன. அந்த ஏற்பாடு யாரோ ஒரு மேதை மேசைமுன் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. பெரும்பாலும் ஆள் போதாமையால் பிறந்தது. வேறு வழியில்லாமல் செய்தது, பிறகு பார்த்தால் சரியான வழியாகவும் இருந்தது.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் அடங்கிய குழுக்கள் பேரிடரின் முதல் மூன்று மாதங்களில் அந்தமானில் வேலை செய்தன. சுரேஷ் பாட மத், சதீஷ் கிரிமாஜி, விவேக் பெனகல் முதலானோர் அந்த அனுபவத்தைப் பிறகு மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக எழுதினார்கள். சிறுவர்களைப் பற்றிய கட்டுரை 2008-இல் வந்தது. மனநோய் என்று பெயர் சொல்லத்தக்க நிலையில் அவர்கள் பதிவு செய்தவர்கள் 37 பேர். இந்த எண்ணைவிட அதன் உட்பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு நோய் பத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. மனச்சோர்வும், மாறிய சூழலுக்கு ஒத்துப்போக முடியாத திணறலும் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

அந்த 37 பேருக்கு மருத்துவர் வேண்டும். முகாமில் அடிக்கடி திடுக்கிட்டு எழுந்த மற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு வந்திருந்தது நோய் அல்ல. பயங்கரமான ஒன்றைப் பார்த்த மனம் படும் இயல்பான பாடு அது. அவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பரிசோதிப்பது முடியாத காரியம், தேவையும் இல்லை. கூட்டமாக உட்காரவைத்து விளையாட்டு, படம், கதை, பாட்டு வழியாக வேலை செய்யலாம். அதை ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால் குழு கப்பலேறிய பிறகும் வேலை நிற்காது. அதைத்தான் செய்தார்கள்.

இந்த யோசனையின் தலைமுறைகளைத் தேடிப்போனால் முதலில் லண்டன் வருகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டுவீசிய நகரம். அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்காமும் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே கண்டது அன்றைய அறிவுக்கு விசித்திரமாக இருந்தது. குண்டு விழுந்த வீட்டில் தாயோடு இருந்த குழந்தையைவிட, பாதுகாப்பு என்று கிராமத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட குழந்தை அதிகம் தவித்தது. சிறு குழந்தை ஆபத்தை வானத்தைப் பார்த்து அளப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகத்தைப் பார்த்து அளக்கிறது. பள்ளிக்கூடத்தில் அந்த முகம் யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது 1976, கலிபோர்னியாவின் சௌசில்லா. இது இயற்கைப் பேரிடர் அல்ல. பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்திப்போய் மண்ணுக்கடியில் புதைத்த ஒரு லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள்; அத்தனை பேரும் உயிரோடு தப்பினார்கள். உயிர்தான் பிழைத்துவிட்டதே என்று ஊர் நிம்மதி அடைந்தது. லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் மட்டும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். நடந்ததையே அவர்கள் திரும்பத் திரும்ப விளையாடினார்கள், அந்த விளையாட்டில் சிரிப்பே இல்லை. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்ற பெரியவர்களின் நம்பிக்கை அங்கே உடைந்தது.

பிறகு ஆர்மீனியா. 1988 டிசம்பர் 7, புதன்கிழமை, முற்பகல் 11.41. அதாவது வகுப்பு நேரம். குறைந்தது 25,000 பேர் இறந்த அந்த நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் பிள்ளைகளோடு சரிந்தன. நிக்கோபாரின் ஞாயிற்றுக்கிழமையோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பள்ளிதான் கொலைக்களம், இங்கே பள்ளி வெறுமையாக இருந்தது. ஆர்மென் கோயென்ஜியான், ராபர்ட் பைனூஸ் ஆகியோரின் குழு கியும்ரி நகரத்துப் பள்ளிகளுக்குள்ளேயே போய், ஒன்றரை ஆண்டு கழித்து, வளரிளம் பிள்ளைகளோடு சில அமர்வுகள் நடத்தியது. மேலும் ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்த கணக்கில், அமர்வில் இருந்தவர்களின் அதிர்ச்சி அறிகுறிகள் தணிந்திருந்தன. உதவி கிடைக்காத பள்ளியின் பிள்ளைகளுக்கு அவை முன்னைவிட மோசமாகியிருந்தன. காலம் ஆற்றும் என்று சும்மா விட்டுவிட்டால் எல்லோருக்கும் ஆறிவிடுவதில்லை என்பதற்குக் கையில் ஆதாரம் கிடைத்தது.

அங்கேயும் அமர்வை நடத்தியவர்கள் பயிற்சிபெற்ற மருத்துவர்கள். அதை ஆசிரியரிடமே கொடுத்துப் பார்த்தது துருக்கியில், 1999 ஆகஸ்ட் மர்மரா நிலநடுக்கத்துக்குப் பிறகு. லியோ வோல்மர், நதானியேல் லாவோர், யாங்கி யாஸ்கான் மூவரும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு கேள்வி இருந்தது: மருத்துவருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஆசிரியர் நிற்க முடியுமா? மூன்றாண்டுக்குப் பின் கிடைத்த விடை சுவாரசியமானது. பயிற்சிபெற்ற ஆசிரியர்களிடம் இருந்த பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் அறிகுறிகளில் பெரிய வேறுபாடு இல்லை. படிப்பிலும் நடத்தையிலும் பிறரோடு பழகுவதிலும் முன்னவர்கள் மேலாக இருந்தார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாத ஆசிரியர்கள் தந்த மதிப்பீடு அது. மருத்துவர்கள் இதைப் பாதி வெற்றி என்பார்கள். பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் முழு வெற்றி என்பார்கள்.

இந்தியாவின் கிளை போபாலில் தொடங்குகிறது. 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்தது. மூச்சும் கண்ணும் போனவர்களைப் பார்க்கவே ஆள் இல்லை, மனத்தை யார் கேட்பது? நிம்ஹான்ஸின் ஆர். சீனிவாசமூர்த்தியும் மோகன் ஐசக்கும் அந்த ஊர்ச் சிறு மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கென்று கையேடு எழுதினார்கள். மனநல மருத்துவரின் வேலை பொது மருத்துவரின் கைக்கு இறங்கிய முதல் படி அது. 1993 லாத்தூர் நிலநடுக்கம், 1999 ஒடிசா பெரும்புயல் என்று அடுத்தடுத்து அடிவிழ, வேலை இன்னும் கீழே இறங்கியது. மருத்துவரிடமிருந்து ஊர்ப் பணியாளரிடம் வந்தது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கம், குடியரசு நாள் காலையில். அஞ்சார் நகரில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் இடிபாடுகளுக்குள் புதைந்தார்கள். அதன்பின் பள்ளியை விட்டுவிட்டு மனநலப் பணி பேச முடியாது என்றாகிவிட்டது. படம் போட்ட கையேடுகள், பிள்ளைகளே எழுதவும் வரையவும் ஒரு பயிற்சிப் புத்தகம் என்று நிம்ஹான்ஸில் கே. சேகர் முதலானோர் உருவாக்கிய சாமான்கள் சுனாமி வந்தபோது கைவசம் இருந்தன. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த தமிழ்நாட்டுக்கு, சுனாமிக்கு ஐந்து மாதம் முன்பே, பள்ளிக்குள் நுழையும் மரணம் என்னவென்று தெரிந்திருந்தது.

இனி வகுப்பறைக்குள் போகலாம், ஏனென்றால் இந்த வைத்தியம் பார்ப்பதற்கு வைத்தியம் போலவே இருக்காது.

ஆசிரியர் கரும்பலகையில் ஐந்தாறு வட்டங்கள் போடுகிறார். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு முகத்தை முடிக்க வேண்டும்: சிரிக்கும் முகம், கோப முகம், பயந்த முகம். வரைந்து முடித்ததும் இந்த முகத்துக்காரனுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. இந்த ஒரு நெளிவில்தான் முழு வித்தையும் இருக்கிறது. வட்டத்துக்குள் இருப்பவனைப் பற்றிப் பேசுகிற சாக்கில் பிள்ளை தன் கதையைச் சொல்லும். வேண்டாம் என்று தோன்றினால் வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும். இன்னொரு நாள் பெரிய தாளில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து உடம்பின் ஓரம் வரைந்துகொண்டு, பயம் வந்தால் எங்கே தெரிகிறது என்று நிறம் தீட்டச் சொல்கிறார். நெஞ்சு, வயிறு, முழங்கால். காரணமே தெரியாமல் மூன்று வாரமாக வயிற்றுவலி என்று அழும் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் அன்றுதான் காரணம் புரிகிறது. களிமண், பொம்மலாட்டம், பாதியில் நிறுத்தி முடிவைப் பிள்ளைகளிடம் விடும் கதை என்று வரிசை நீளும்.

இவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எடுத்த எடுப்பில் அலையை வரையச் சொல்லக் கூடாது. முதலில் வீடு, தோழர், பிடித்த இடம், பிறகு, பிள்ளை தானாக விரும்பினால், அந்த நாள், கடைசியில் நாளை. அந்த நாளோடு நிறுத்திவிட்டால் புண்ணைத் திறந்துவிட்டு எழுந்து போனதாகும். கறுப்பு நிறத்தை அள்ளிப் பூசிய படத்தைப் பார்த்ததும் இவனுக்கு மனநோய் என்று முடிவு கட்டுவதும் தவறு. டப்பாவில் மிஞ்சியது கறுப்பாக மட்டும் இருந்திருக்கலாம்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது வயதுக்கு வயது மாறும். சின்னது ஒட்டிக்கொள்ளும், மறந்துபோன வயதில் மறுபடி படுக்கையை நனைக்கும். இடைப்பட்ட வயதுப் பிள்ளை தலைவலி என்று வகுப்பில் கவிழ்ந்து படுக்கும். பதின்ம வயது முரடாகும், அல்லது எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளும், ரகசியமாகக் குடிக்கவும் தொடங்கலாம். மாதக்கணக்கில் இது விடாமல் நீண்டாலோ, சாப்பாடும் தூக்கமும் அடியோடு போனாலோ, சாகப்போகிறேன் என்ற பேச்சு வந்தாலோ மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பத் தெரிவதும் இந்தப் பயிற்சியின் பாதி. தானே எல்லாம் ஆற்றிவிடுவேன் என்று நினைக்கும் ஆசிரியர் ஆபத்தானவர்.

அந்தமானுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பயம் முடிந்துபோன விஷயமாக இல்லை. பின்னதிர்வுகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. 2005 மார்ச் 28-இல் சுமத்ரா பக்கம் இன்னொரு பெரிய நடுக்கம். ஜூலை 24-இல் நிக்கோபார் அருகிலேயே 7.2 அளவில் ஒன்று. மே மாதம் பேரன் தீவின் எரிமலை வேறு புகையத் தொடங்கியது. நிலமும் தாழ்ந்திருந்தது. தென்கோடி இந்திரா முனையில் நாலேகால் மீட்டர் அளவுக்கு நிலம் அமிழ, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நின்றது. போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் ஓதம் ஏறும்போதெல்லாம் உப்புநீர் வந்து நின்றது. ஒன்றும் ஆகாது கண்ணு, பயப்படாதே என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அடுத்த அதிர்விலேயே ஆசிரியர் பொய்யர் ஆகிவிடுவார்.

ஆகவே அங்கே புவியியல் பாடமே மருந்தானது. நிலம் ஏன் ஆடுகிறது, எல்லா ஆட்டத்துக்கும் கடல் ஏன் வருவதில்லை, எந்த மாதிரி ஆட்டம் வந்தால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைக்குத் தெரிய வைப்பது. ஓடிப் பழக்குவது. யார் சின்ன வகுப்புக் குழந்தைகளின் கையைப் பிடிக்க வேண்டும் என்று பெரிய மாணவர்களுக்குப் பொறுப்புக் கொடுப்பது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பயம் உடம்பை ஓடவைக்கும். தெரியாத பயம் உறையவைக்கும். ஆறுதல் வார்த்தையால் ஆகாததைச் சில சமயம் ஒத்திகை சாதிக்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

இன்னொன்றும் தீவு கற்றுக்கொடுத்தது. நிக்கோபாரிகள் துஹெத் என்ற பெரிய கூட்டுக்குடும்பமாக வாழ்பவர்கள். தோப்பும் பன்றியும் குழந்தையும் துஹெத்துக்குச் சொந்தம். தாய் தந்தை போன குழந்தையை அனாதை இல்லத்தில் சேர்க்கலாமா என்று வெளியாட்கள் யோசித்தபோது, அங்கே குழந்தைக்குச் சித்தியும் மாமனும் பாட்டியும் ஏற்கெனவே சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கூட்டமாகத் தகரக் கொட்டகைகளில் குடியேற்றி, தனித்தனிக் குடும்பமாகப் பட்டியல் எழுதியது அரசு. அந்தக் கொட்டகைகளின் வெக்கையைப் பற்றிப் பேசாத தீவுக்காரர் இல்லை. பிள்ளையின் மனத்துக்கு வைத்தியம் என்று ஒரு கையால் கொடுத்து, பிள்ளையைத் தாங்கிய உறவுகளை இன்னொரு கையால் பிரித்தால் கணக்கு எப்படி நேராகும்?

கடலின் மறுபக்கத்தில் இலங்கைத் தமிழர்கள் பிள்ளைகளின் மனத்தை ஆற்றும் வேலையில் இன்னும் முன்னே போயிருந்தார்கள். போர் அவர்களை அங்கே தள்ளியிருந்தது. மட்டக்களப்பில் இயேசு சபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில், போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மண்ணிலும் வண்ணத்திலும் விளையாடி ஆறிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் மற்றவர்களும் ஆசிரியர்களையே உளவளத் துணையாளர்களாகப் பயிற்றியிருந்தார்கள். சுனாமி அடித்த சில வாரங்களில் வடமராட்சிக் கடற்கரையின் மணற்காட்டில், பயிற்சிபெற்ற உள்ளூர்த் துணையாளர்கள் 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். பாதிப் பேர் நடந்ததைக் கோவையாகச் சொல்லும் முறை. பாதிப் பேர் தியானமும் உடலைத் தளர்த்தலும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 விழுக்காடும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காடும் மீண்டிருந்தார்கள். முறை எதுவானாலும், தெரிந்த மொழியில் பேசும் தெரிந்த ஊர் ஆள் உட்கார்ந்து கேட்டால் பலன் உண்டு என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்த கெடுதலும் இந்தக் கதையில் உண்டு. பேரிடர் நடந்த சூட்டோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விலாவாரியாகச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வு தொண்ணூறுகளில் உலகெங்கும் பெரிய நாகரிகமாக இருந்தது. 2002-இல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதனால் பலன் இல்லை, கட்டாயமாக நடத்துவதை நிறுத்துங்கள் என்றது. நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? சுனாமிக் கரைகளில் ஒரு குழு போனால் மறு குழு வந்தது. அலையை வரைந்து காட்டு என்று ஒவ்வொன்றும் கேட்டது. சென்னையில் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தம் சகாக்களோடு 2006-இல் எழுதிய கட்டுரை, சுனாமியைப் பார்த்த எல்லாக் குழந்தைகளுக்குமே தலையீடு தேவையா என்று தலைப்பிலேயே கேட்டது. அந்தக் கேள்வியை அப்போது கேட்கத் துணிவு வேண்டியிருந்தது.

பிறகு எல்லாம் காகிதத்துக்கு வந்தது. 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து உலகப் பொது வழிகாட்டியை வெளியிட்டன. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம், பள்ளியை விரைந்து திறத்தல், ஆசிரியருக்குப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. 2009 டிசம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உளசமூக ஆதரவுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. அவற்றுக்குப் பின்னால் போபாலும் ஒடிசாவும் அந்தமானும் இருக்கின்றன. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் வெள்ளார்மலைப் பள்ளி சிதைந்தபோது, செப்டம்பர் 2-ஆம் தேதியே மேப்பாடியில் அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கு வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள், புதுமுக விழாவோடு. அதே ஆசிரியர்கள், அதே தோழர்கள், வேறு கட்டடம். இருபது ஆண்டுப் பாடம் அந்த அளவுக்காவது உள்ளே இறங்கியிருக்கிறது.

இறங்காதது ஒன்று உண்டு. ஆசிரியரும் அடிபட்டவர் என்பது. நிக்கோபாரில் வகுப்பைத் திரும்பத் தொடங்கிய ஆசிரியர்களில் பலர் தங்கள் வீட்டையோ உறவையோ பறிகொடுத்தவர்கள். பிள்ளைகளின் முகத்தை வட்டத்துக்குள் வரையவைக்கும் அவர் முகத்தைப் பார்ப்பது யார்? வழிகாட்டிகளில் இதற்கு ஒரு பத்தி இருக்கும். பள்ளிகளில் அந்தப் பத்தி நடந்து நான் கேட்டதில்லை. அவருக்கு வரும் முதல் கடிதம் பாடத்திட்டம் பின்தங்கியதை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று கேட்கும் கடிதம்தான். அந்தமானின் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் சேர்ந்தவை; 2004 டிசம்பரிலிருந்து பொதுத் தேர்வுக்கு இருந்த இடைவெளி சுமார் இரண்டு மாதம். வாத்தியாரிடம் வைத்தியத்தை ஒப்படைத்த நாம், அதற்கான நேரத்தை ஒப்படைக்கவில்லை.

பயிற்சியையும் பேரிடர் வந்த பிறகு கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. அலை வந்த பின் நீச்சல் கற்றுக்கொடுக்கும் வேலை அது. வடகிழக்குப் பருவமழை எந்த மாதம் வரும் என்பது நமக்குத் தெரியும். கடலூரும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் சென்னையின் தாழ்ந்த பகுதிகளும் எப்போது மூழ்கும் என்பதும் தெரியும். கரும்பலகை, சாக்குக்கட்டி, வெற்றுத்தாள், வண்ணப் பென்சில் தவிர வேறு சாமான் வேண்டாத பயிற்சி இது, செப்டம்பரிலேயே கொடுத்துவிடலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: வெள்ளம் வடிந்து பள்ளி திறக்கும் அன்று, முதல் பாடவேளையில், ஆசிரியர் என்ன செய்வதாக இருக்கிறார்?